குழாய் வழி வந்த குரல்



கோயிலில் கொடியேறப் போகிறது என்பதை எங்கள் ஊருக்கு முதலில் அறிவிப்பது பஞ்சாங்கம் அன்று. தென்னையிலும் பனையிலும் ஏற்றிக் கட்டப்படும் லவுட்ஸ்பீக்கர் குழாய்தான். நான்கு திக்கை நோக்கி நான்கு குழாய்கள். அவை முழங்கத் தொடங்கினால் ஊர் விழித்துக்கொள்ளும். அத்தகைய குழாய் ஒன்றின் பொருட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்சிலிருந்துதான் இன்றைய உரை பிறந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியின் களஞ்சிய அறையிலே, உடைந்த மேசை கதிரைகளுக்கு அடியில், பழைய குழாய் ஒலிபெருக்கி ஒன்று கிடந்தது. கல்லூரிக் கண்காட்சியில் வைக்கலாம் என எண்ணி, மாணவர்களைக் கொண்டு அதைச் சாண்ட்பேப்பரால் தேய்ப்பித்து வெள்ளிநிறப் பூச்சும் பூசுவித்தேன். பளபளவென்று அது மேசைமீது வீற்றிருந்தது. கண்காட்சி பார்க்க வந்தவர்களுள் ஒருவர், ஒரு காலத்தில் அயலூர்க் கோயில்களுக்கெல்லாம் ஒலிபெருக்கி பூட்டிய முதியவர். குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“மாஸ்ரர், ஆர் இதைத் தேய்ச்சது?”

“பெடியள்தான் ஐயா. நான்தான் தேய்க்கச் சொன்னனான்.”

“கழுத்தடியில எழுத்து இருந்திருக்குமே. செய்தவன்ர பேர், நம்பர் எல்லாம். இனி இது ஆற்ற பிள்ளை எண்டு ஆர் சொல்லுறது?”

அவர் குரலில் கோபத்தைக் காட்டிலும் துயரமே மிகுந்திருந்தது. செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரிந்து பதிப்பித்த பெரியோரின் வரலாற்றை வகுப்பறையிலே ஆண்டுதோறும் படிப்பிக்கின்ற நான், ஓர் ஏட்டின் எழுத்தை என் கையாலேயே அழித்துவிட்டேனோ என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்க விடவில்லை. பழைய குழாய் ஒலிபெருக்கிகளைத் தேடிச் சேர்ப்போர், விற்று வாங்குவோர், பழுது பார்ப்போர் என உலகெங்கும் ஒரு கூட்டம் இருப்பதை அதன் பின்னரே படித்து அறிந்தேன். அவர்களுடைய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஒரு குழாய் எப்படி ஒலியைப் பெருக்குகிறது? தூரத்தே போகும் ஒருவரை அழைக்கும்போது இரு கைகளையும் வாயருகே குவிக்கின்றோம் அல்லவா? அந்தக் குவிந்த கைகளே உலகின் முதல் குழாய். சங்கும் கொம்பும் எக்காளமும் அதன் உடன்பிறப்புகள். சிறிய தகடொன்று வெறும் காற்றிலே அதிருமாயின், அது காற்றைச் சரிவரப் பற்றிக்கொள்வதில்லை; வெறுங்கையால் தண்ணீரை அடிப்பது போல, முயற்சியின் பெரும்பகுதி வீணாகின்றது. அத்தகட்டின் முன்னே ஒடுங்கிய கழுத்தில் தொடங்கிப் படிப்படியாக விரியும் குழாயொன்றைப் பொருத்தினால், கழுத்தினுள் அடைபட்ட காற்றைத் தகடு இறுகப் பற்றித் தள்ளுகின்றது. அந்த அசைவு, குழாய் விரிய விரிய, பெருங்காற்றின் அசைவாக வெளியேறுகின்றது. சாதாரண கூம்புத்தாள் ஒலிபெருக்கி, தனக்கு ஊட்டப்படும் மின்சக்தியில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கினையே ஒலியாக்கும். நல்ல குழாய் ஒலிபெருக்கி இருபது, முப்பது பங்கினைக்கூட ஒலியாக்க வல்லது.

ஆயினும் இதற்கொரு விலை உண்டு. தாழ்ந்த சுரங்களின் அலை மிக நீளமானது. செக்கனுக்கு 50 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீற்றர். அத்தகைய ஒலியை வெளிவிட வேண்டுமாயின் குழாயும் நீண்டு, வாயும் அகன்று இருத்தல் வேண்டும். கோயில் குழாயிலே மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமற் போய், நாதஸ்வரம் மட்டும் காதைத் துளைப்பதன் காரணம் இதுவே. அக்குழாய் சிறியது, அது தாழ்சுரத்தை விழுங்கிவிடுகின்றது.

மின்சாரம் கொண்டு ஒலிபெருக்கும் குழாயின் வரலாறு கலிபோர்னியாவின் நாபா என்னும் ஊரிலிருந்து தொடங்குகிறது எனலாம். பீற்றர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்னும் இருவர் அங்கே சுருளும் காந்தமும் கொண்ட அதிர்கருவியைக் கிராமபோன் குழாயுடன் இணைத்தனர். 1915ஆம் ஆண்டு நத்தார் முன்னிரவில் சன்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் திரண்ட பெருங்கூட்டத்துக்கு அவர்களது கருவி இசையையும் பேச்சையும் கேட்பித்தது. ‘பெருங்குரல்’ எனப் பொருள்படும் ‘மக்னவொக்ஸ்’ என்ற இலத்தீன் பெயரை அதற்குச் சூட்டினர். 1919 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி வூட்ரோ வில்சன் சன்டியாகோ நகர அரங்கில் ஏறத்தாழ 50,000 பேர் முன்னிலையில் இக்கருவியின் துணையுடன் உரையாற்றினார். ஒரு மனிதக் குரல், தன் இயற்கை எல்லையைத் தாண்டி, அத்தனை பேரை ஒரேவேளையில் எட்டியது புதிய அரசியலின் தொடக்கமும் ஆயிற்று. அதனால் வந்த நன்மையையும் தீமையையும் அந்த நூற்றாண்டு நன்றாகவே அனுபவித்தது.

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கிய 1925 அளவில், மேல்நாட்டு வீடுகளிலே வானொலிப் பெட்டியின்மேல் அன்னத்தின் கழுத்துப் போல வளைந்த குழாய்கள் வீற்றிருந்தன. அதே ஆண்டில் அமெரிக்காவில் ரைஸ், கெலொக் என்னும் இரு பொறியியலாளர் காகிதக் கூம்பு ஒலிபெருக்கியைப் பற்றிய ஆய்வினை வெளியிட்டனர். அளவிற் சிறியது, விலையிற் குறைந்தது, தாழ்சுரமும் தருவது. சில ஆண்டுகளுக்குள் வீடுகளிலிருந்து குழாய் விடைபெற்றது.

ஆனால் திரையரங்கு அதைக் கைவிடவில்லை. 1926 ஆகஸ்ட் 6ஆம் நாள் நியூயோர்க்கில் ‘டொன் ஜுவான்’ என்ற திரைப்படம், இசைத்தட்டில் பதிந்த இசையோடு இணைத்துக் காட்டப்பட்டது. மறு ஆண்டு ஒக்ரோபரில் ‘ஜாஸ் பாடகன்’ வந்ததும் ஊமைப்படங்களின் காலம் முடியத் தொடங்கிற்று. அத்திரைகளுக்குப் பின்னே நின்று பேசியவை வெஸ்ரேண் இலெக்ற்றிக் நிறுவனத்தின் குழாய்கள். பெல் ஆய்வுகூடத்து வென்ற், துராஸ் என்னும் இருவர் வடிவமைத்த ‘555’ என்ற அதிர்கருவியும், நத்தைபோலச் சுருண்டு நான்கு அடிக்கும் மேலான வாயுடன் மரத்தால் ஆன ‘15ஏ’ குழாயும் இன்றைய சேகரிப்பாளர்களின் கனவுப் பொருள்கள்.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அக்காலத்து வால்வுகளிலிருந்து கிடைத்த சக்தி மிகச் சொற்பம். 1930களில் அந்நிறுவனத்தின் ‘300ஏ’ வால்வு ஒன்று தந்த சக்தி 8 வாற் அளவினதே. இன்று ஒரு சிறு பிள்ளையின் விளையாட்டுப் பெட்டி கேட்கும் சக்திதான் அது. அந்தச் சொற்பத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கானோர் இருந்த அரங்கை நிரப்பியாக வேண்டியிருந்தது. ஆகவே குழாய் ஆடம்பரத்தின் பிள்ளை அன்று, வறுமையின் பிள்ளை. கையில் உள்ள சிறிதில் ஒரு துளியும் சிந்தாமல் செலவிடும் சிக்கனமே அதன் வடிவத்தைத் தீர்மானித்தது. யுத்தகாலத்திலே மின்சாரமும் பற்றறியும் இன்றி, சைக்கிள் டைனமோவைக் கையாற் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட எம்மவர்க்கு இதனை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. அன்று சில்லைச் சுழற்றும் முறை வந்த சிறுவர்களுள் நானும் ஒருவன். கை சோர்ந்தால் குரலும் சோரும். ஒலி என்பது உழைப்பினால் வருவது என்பதை எங்கள் தலைமுறை தோள்வலியாலே கற்றது.

திரையரங்குக் குழாய்களும் வளர்ந்தன. தாழ்சுரத்துக்கு ஒன்று, மேல்சுரத்துக்கு ஒன்று எனப் பிரித்தபோது புதிய சிக்கல் பிறந்தது. ஒரு நடனக் காட்சியிலே காலணியின் தட்டு இரண்டு தடவை கேட்டதாம். தாழ்சுரக் குழாய் மிக நீண்டதாய் இருந்தமையால் அதன் ஒலி பிந்தி வந்ததே காரணம் என்று சொல்லப்படுகிறது. இதனைத் தீர்க்கும் வண்ணம் எம்.ஜி.எம். நிறுவனத்தின் ஒலிப்பிரிவுத் தலைவர் டக்ளஸ் ஷியரரின் குழுவினர் அமைத்த ஒலிபெருக்கி, 1936ஆம் ஆண்டுக்கான ஒஸ்கார் தொழில்நுட்ப விருதைப் பெற்றது. அப்பணியிற் பங்குகொண்ட நிறுவனத்தின் அதிபர் ஜேம்ஸ் லான்சிங். அவருடைய பெயரின் முதலெழுத்துகளே இன்றும் ‘ஜே.பி.எல்.’ என ஒலிபெருக்கிகளில் ஒளிர்கின்றன. அம்மனிதரோ கடன் தொல்லைகளுக்கு நடுவே 1949இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். உலகமே அறிந்த பெயரின் பின்னே இப்படியும் ஒரு வாழ்வு.

தொலைக்காட்சி வந்தது, அமெரிக்காவின் பழைய திரையரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடுண்டன. அகலத்திரை வந்தபோது எஞ்சிய அரங்குகளும் கருவிகளை மாற்றின. திரைக்குப் பின்னே நின்ற குழாய்களைக் கீழிறக்குவதற்கும் ஆளில்லை. பல அங்கேயே தூசி படிந்து கிடந்தன. சில இடித்த சுவர்களோடு குப்பைக்குப் போயின.

அவற்றின் அருமையை முதலில் உணர்ந்து பெருமளவில் வாங்கியோர் யப்பானியர். அங்கே அதற்கொரு பின்புலம் இருந்தது. 1924 முதல் வெளிவரும் வானொலிக் கைவினைச் சஞ்சிகை ஒன்று, தம் கையாலேயே கருவி செய்யும் வாசகரை வளர்த்திருந்தது. இசை கேட்பதற்கென்றே தேநீர்க்கடைகள் இருந்தன. தோக்கியோவின் ஷிபுயாவில் உள்ள ‘லயன்’ என்ற கடை 1926இல் தொடங்கப்பட்டது. ‘டொன் ஜுவான்’ திரையில் ஒலித்த அதே ஆண்டு. யுத்தத்தில் குண்டுவீச்சினால் அழிந்து 1950இல் மீண்டும் எழுந்தது. அங்கே செல்வோர் பேசலாகாது. பேரொலிபெருக்கியை நோக்கி, கோயிலில் இருப்பதுபோல் அமர்ந்து கேட்க வேண்டும். சொந்தமாக இசைத்தட்டு வாங்க இயலாத இளைஞர், ஒரு கோப்பைப் பானத்தின் விலையில் பேரிசை கேட்ட இடங்கள் அவை.

1970களிலிருந்து யப்பானிய வணிகர்கள் அமெரிக்கப் பழைய அரங்குகளின் கருவிகளைத் தேடி வாங்கலாயினர். குப்பை என்று கிடந்தது கப்பலேறிற்று. பின்னர் கொரியர் வந்தனர். பிரான்சிலும் ஜேர்மனியிலும் ஆர்வலர் தோன்றினர். ஜேர்மனியிலே 1928இல் உருவான ‘கிளாங்பில்ம்’ நிறுவனத்தின் அரங்கக் குழாய்களும் தேடப்பட்டன. விலை ஏறியது. அமெரிக்க ஆர்வலர் விழித்தெழுந்தபோது தம் நாட்டுப் பழம்பொருளைத் தாமே கடல் கடந்து வாங்க வேண்டிய நிலை. ‘எங்கள் செல்வத்தைக் கொண்டு போய்விட்டார்கள்’ என்ற முறைப்பாடு இன்றும் அவர்களிடையே உண்டு. அதற்கு மறுமொழியும் உண்டு: கொண்டு போயிராவிட்டால் அவை இன்று இருந்திருக்குமா? இரண்டிலும் உண்மை இருக்கிறது. எறிந்தவனுக்கு உரிமை உண்டா, எடுத்தவனுக்கு உண்டா என்ற வழக்கு, ஓலைச்சுவடிகளின் வரலாற்றை அறிந்த நமக்குப் புதிதன்று.

வணிகம் புகுந்த இடத்தில் பிரிவும் புகுந்தது. அதிர்கருவி பெட்டியில் அடங்கும். குழாயோ அறையளவு பெரியது. ஆகவே கருவியைக் கழற்றி விற்றுவிட்டுக் குழாயை விறகாக்கியவரும் உண்டு. ஒரு நாட்டில் தலை, வேறொரு நாட்டில் உடல். மேலும், அக்காலத்து ஒலிப்பதிவு ஒற்றைத் தடம். இக்காலத்தவர் கேட்பதோ இரு தடம். எனவே எல்லாம் சோடியாக வேண்டும். ஒன்றுக்கொன்று இசையாத இரண்டை வைத்திருப்பவர், இசையும் இணையைத் தேடி வருடக்கணக்காக அலைகின்றார். போலிப் பெயர்த்தகடு ஒட்டி விற்போரும் இடையே புகுந்துள்ளனர். அதனால் திருகாணியின் தலை, பூச்சின் நிறம், எண் பொறித்த முறை முதலியவற்றைப் பார்த்து உண்மையைத் தெளியும் புலமை ஒன்றும் வளர்ந்திருக்கின்றது. எழுத்தமைதி கொண்டு சாசனத்தின் காலத்தைக் கணிப்பது போன்ற புலமை அது.

இனிப் புனரமைப்பு. இதுவே இக்கலையின் இதயம். ‘555’ போன்ற பழைய கருவிகளிலே நிலைக்காந்தம் இல்லை. செப்புக் கம்பிச் சுருளினூடே மின்னோட்டம் செலுத்தியே காந்தப்புலத்தை உண்டாக்கினர். நூறாண்டு நெருங்கிய சுருளின் காப்பு உரிந்துவிடும். அதைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து எண்ணி, அதே பருமனுள்ள கம்பியை அத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும். பிற்காலத்து அல்னிக்கோ காந்தங்கள் வலுவிழந்திருந்தால் மீளக் காந்தமேற்ற வேண்டும். தாள்போல் மெல்லிய உலோக அதிர்தகடு பிளந்திருந்தால் அதுவே பெருந்துன்பம். புதிய தகடு போட்டால் கருவி பேசும். ஆனால் பேசுவது பழைய குரலா?

இங்கே ஆர்வலர் இரு கட்சியாகின்றனர். ஒலிப்பதற்காகச் செய்த கருவியை ஒலிக்கச் செய்வதே மரியாதை. பழுதான உறுப்பை மாற்றலாம் என்பது ஒரு கட்சி. மாற்றிய பின் அது வேறு பொருள். ஊமையாயினும் உள்ளபடி இருக்கட்டும் என்பது மறுகட்சி. இருவரும் உடன்படும் விதி ஒன்று உண்டு: என்ன செய்தாலும் செய்ததை எழுதி வை, கழற்றிய பழைய உறுப்பை எறிந்துவிடாதே.

இவ்விதியின் சிறந்த எடுத்துக்காட்டினை இலண்டன் விஞ்ஞான நூதனசாலை தந்தது. அங்கே பணியாற்றிய ரொடெறிக் டென்மன் 1929-30 அளவில் 27 அடி நீளமும், 7 அடிக்குச் சற்று மேற்பட்ட சதுர வாயும் கொண்ட குழாயொன்றை அமைத்தார். 1930களில் பொதுமக்கள் அதன் முன்னே அமர்ந்து பி.பி.சி. வானொலியைக் கேட்டனர். வானொலி எவ்வளவு நன்றாக ஒலிக்க இயலும் என்பதற்கு அது உரைகல்லாக நின்றது. 1949இல் கட்டட வேலையின்போது ஏற்பட்ட விபத்தில் குழாய் நொறுங்கிற்று. கழுத்துப் பக்கத்து 9 அடி மட்டுமே எஞ்சியது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அத்துண்டு களஞ்சியத்திலே கிடந்தது. ஒலிக்கலைஞர் அலெக்ஸ் கொல்கொவ்ஸ்கி அதைக் கண்டு, எஞ்சிய 18 அடியைப் புதிதாக அமைப்பித்து, வெஸ்ரேண் இலெக்ற்றிக் அதிர்கருவியைப் பொருத்தி, 2014இல் மீண்டும் பேச வைத்தார். பழையது எது, புதியது எது என்பதை மறைக்கவில்லை. சிதைந்த செய்யுளிலே கிடைத்த அடிகளை அச்சிட்டு, கிடையாத இடத்திற் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியரின் நேர்மை அதில் உண்டு.

கொரியாவிலே வானொலி அறிவிப்பாளராகப் புகழ்பெற்ற ஹ்வாங் இன்-யோங் பாஜு நகரில் இசை கேட்கும் மண்டபம் ஒன்றை அமைத்துத் தாம் சேகரித்த பழைய திரையரங்குக் குழாய்களைப் பலரும் கேட்க வைத்துள்ளார். சியோல் நகரில் ஒலிக்கருவிகளுக்கென்றே ‘ஓடியம்’ என்னும் நூதனசாலை 2024இல் திறக்கப்பட்டது. ஒருவர் வீட்டு அறையில் பூட்டிக்கிடப்பதும், ஊரார் கேட்கத் திறந்திருப்பதும் ஒன்றாகா. ஏடு பெட்டிக்குள் இருக்கும்வரை அது சொத்து. அச்சேறிய பின்னரே இலக்கியம்.

1887ஆம் ஆண்டு தமிழுக்கு இரு பெரும் பேறுகள் கிட்டின. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும், உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் அவ்வாண்டில் வெளிவந்தன. ஏட்டைப் பாதுகாப்போருக்கு இரு கடமைகள் உண்டு: அழியாமற் காப்பது, தன் கருத்தை ஏட்டின்மேல் ஏற்றாதிருப்பது. பாடம் விளங்கவில்லை என்று தம் சொல்லைப் புகுத்தி ‘அழகு’ செய்தவர்களால் எத்தனை செய்யுள்கள் கெட்டன! நான் பூசிய வெள்ளிப்பூச்சும் அவ்வகைத் திருத்தமே. விளங்காததை அழுக்கென்று எண்ணினேன். அழுக்கென்று எண்ணியதைத் தேய்த்தேன்.

சென்ற தவணையில் அம்முதியவரைத் தேடிச் சென்றேன். அக்குழாய் எத்தகையது, அதை ஒத்தவை எந்தெந்தக் கோயில்களில் முழங்கின, எந்தப் பற்றறியில் இயங்கின என அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். எழுதிய அட்டை இப்போது குழாயின் கழுத்திலே தொங்குகிறது. அதன் கடைசி வரி இது: “இதில் இருந்த எழுத்துக்களை அறியாமையினால் அழித்தவன், இக்கல்லூரித் தமிழாசிரியன்.” கீழே என் கையொப்பமும் திகதியும் இட்டிருக்கிறேன்.

அட்டையை வாசித்துக் காட்டியபோது முதியவர் சிரித்தார். “அதையும் தேய்ச்சுப் போடாமப் பாருங்கோ மாஸ்ரர்” என்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் கோயில் மடப்பள்ளி மூலையிலும் இத்தகைய குழாய்கள் துருப்பிடித்துக் கிடக்கக்கூடும். பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்குமுன் கழுத்தடியைத் துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். எழுத்து இருந்தால் எழுதி வையுங்கள். அக்குழாயில் ஓதிய ஓதுவார் யார், அறிவிப்புச் செய்தவர் யார் என வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வையுங்கள். குரல் காற்றோடு போய்விடும். அது வந்த வழியையாவது நாம் காப்போம்.